பாலம் இறங்கியிருந்தது

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். அங்கே ஜி.எம். என்றால் ஜெனரல் மேனேஜர். தனி அறை, ஏசி, வண்டி நிறுத்த நிழலுள்ள இடம் எல்லாம் அவருக்கு உண்டு. எனக்கு இவற்றில் எதுவும் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கு வைக்கும் நேரம் வரை நானும் ஜி.எம்.தான். கேம் மாஸ்டர். "வாரம் முழுக்க சூப்பர்வைசர், ஞாயித்துக்கிழமை மட்டும் ஜி.எம்." என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் விளையாட்டாகச் சொன்னதை நம்பி, ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் மருமகனுக்கு ஒரு வேலை கேட்டார். அது விளையாட்டு என்று நான் விளக்க விளக்க, தட்டிக் கழிக்கிறேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். இன்றும் என்னோடு பேசுவதில்லை.

விளையாட்டு இதுதான். சிலபேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறோம். ஆளுக்கு ஒரு பாத்திரம்: திருடி, மந்திரவாதி, போர்வீரன் என்று. கேம் மாஸ்டர் கதையை நடத்துவார். "எதிரே ஒரு குகை, உள்ளே இருட்டு" என்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். பாத்திரங்களுக்குக் காயம்படும், சில சமயம் சாவும் வரும். விளையாடுகிறவர்களுக்குக் கண்ணும் காதும் கேம் மாஸ்டரின் வாய்தான். அவர் சொல்லாதது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. இந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

எல்லோரும் இதை இங்கிலீஷில் ஆடுவார்கள். நான் தமிழிலேயே நடத்துவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பிளஸ் டூவில் தமிழில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவன் என்பதை யாரும் கேட்காமலே சொல்லக்கூடிய ஆள் நான். இப்போதுகூடப் பாருங்கள், சொல்லிவிட்டேன்.

ஆடுவது நெல்லித்தோப்பில் ஒரு முசேயின் வீட்டில். ஐம்பதைத் தாண்டியவர், வெளிநாடு போகிறவர்களுக்கு பிரெஞ்சு சொல்லித் தருகிறார். பிரெஞ்சுக்கார மரியாதைப்படி தெருவில் எல்லோருக்கும் அவர் முசே, அவர் மனைவி மதாம். அவர்கள் வீட்டில்தான் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை இருந்தது. இன்னொருத்தி கடலோர மீனவர் பகுதியான குருசுக்குப்பத்தில் வளர்ந்தவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்றாமவன் அரியாங்குப்பத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். முசே எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "போன்" என்றுதான் ஆரம்பிப்பார். பிரெஞ்சில் அதற்கு 'நல்லது, சரி' என்று பொருள். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் கடைக்காரன் தன் செல்போனை எடுத்துப் பார்ப்பான். வருஷக்கணக்காகியும் அவனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

முசேயின் பாத்திரம் ஒரு கிழட்டுக் குதிரைவீரன். பார்த்த போர்கள் அதிகம், முழங்கால் வலி அதைவிட அதிகம். மற்ற இருவரும் பாத்திரத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். முசே மட்டும் ஆரம்பத்திலிருந்து அந்தக் குதிரைவீரனை விடவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதை இப்படிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாடுகளுக்குள் சண்டை மூளப் போகிறது. அதைத் தடுக்கக்கூடிய ராணியின் ஓலை குதிரைவீரனின் தோல்பையில் இருக்கிறது. அதை எல்லைக் கோட்டைக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். கோட்டையைச் சுற்றி அகழி, அகழியில் முதலை, அகழிமேல் மரப்பாலம். பாலம் உளுத்துப்போய் நடுவில் தொய்ந்து கிடக்கிறது. கவனித்துப் பார்த்தால் சுற்றுவழி ஒன்று இருக்கிறது. அந்தச் சுற்றுவழிக்காக நான் இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து வரைபடம் போட்டிருந்தேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "எதிர்ல கோட்டை. அகழி. பாலம் இறங்கியிருக்கு."

முசேயின் முகம் மலர்ந்தது. "போன்! நாம வர்றது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் குதிரையைத் தட்டிவிடறேன். முழு வேகம்."

கடைக்காரன் செல்போனைப் பார்த்து, ஒன்றும் வராததால் திரும்பக் கீழே வைத்தான்.

கோட்டைப் பாலம் என்றால் சங்கிலி போட்டு மேலே தூக்குவார்கள், நட்பு ஆள் வந்தால் கீழே இறக்குவார்கள் என்பதுதான் உலகத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றும். முசே அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்பது அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நான் வைத்த பொறியில் ஒருவர் தானாக வந்து விழுகிறாரே என்று உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு. பகடையை உருட்டச் சொன்னேன். இருபது முகப் பகடையில் மூன்று விழுந்தது. பலகை முறிந்ததையும் குதிரை கனைத்ததையும் முதலை வாய் பிளந்ததையும் நல்ல தமிழில் விவரித்தேன். ரொம்பவும் நல்ல தமிழ்.



"என்னது, பாலம் உடைஞ்சிடுச்சா?" என்றார் முசே.

"உளுத்துப்போய் நடுவுல தொய்ஞ்ச பாலம், முசே. அதான் சொன்னேனே, இறங்கியிருக்குன்னு."

நர்ஸ் நிமிர்ந்தாள். "இறங்கியிருக்குன்னா நமக்காக இறக்கி விட்டிருக்காங்கன்னு இல்லணா நினைப்போம்?"

"நான் இறக்கியிருக்காங்கன்னு சொல்லலியே. இறங்கியிருக்குன்னேன். இறங்குறது தன்வினை, இறக்குறது பிறவினை. எட்டாங்கிளாஸ் இலக்கணம்."

அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. ஒரு மனிதர் ஆசை ஆசையாக வளர்த்த ஆளை முதலைக்குப் போட்டுவிட்டு, அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் மனைவி சுட்ட கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்கே இலக்கணம் நடத்தியிருக்கிறேன்.

மதாம் காபி டம்ளர்களோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "தம்பி, பாலம் இறங்கியிருக்குன்னு சொன்னா நானும்தான் போயிருப்பேன்" என்றார்.

"ஆட்டக்காரங்க கேட்டுத் தெரிஞ்சிக்கணும் மதாம். கேக்காம ஓடினா அது ஆட்டக்காரரோட தப்பு."

முசே பகடையை எடுத்து என் பக்கமாக வைத்தார். "போன். செத்தாச்சு, விடு" என்றார். இந்த முறை கடைக்காரன்கூட செல்போனைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் கோயிலில் வேலை இருக்கிறது என்று முசே சொன்னார். அதற்கடுத்த வாரம் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு விசேஷ வகுப்பு. வீடு அவருடையது என்பதால் ஆட்டம் நின்றுபோயிற்று.

எங்கள் வாட்ஸாப் குழுவில் நான் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். தன்வினை, பிறவினை, உருண்டது, உருட்டியது, எல்லாவற்றையும் உதாரணத்தோடு விளக்கியிருந்தேன். கடைக்காரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவன் எதற்கும் அதைத்தான் காட்டுவான். முசே கேட்டதாகத் தெரியவில்லை. நர்ஸ் மட்டும் பதில் போட்டாள்: "ணா, தப்பா சொல்றது வேற, தப்பா புரிஞ்சிக்கிறது வேற. ஒருத்தர் தப்பா புரிஞ்சிக்கினாருன்னு தெரிஞ்சும் பார்த்துனு இருக்கறது வேற."

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "உங்க மூஞ்சியிலேயே எழுதியிருந்திச்சி" என்றாள். பொறி வைக்கிறவன் முகத்தையும் கொஞ்சம் மூடி வைக்கப் பழகியிருக்க வேண்டும்.

வீட்டில் நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். என்ன என்று மனைவி கேட்டாள். ஒரு பாத்திரம் செத்துப்போனதில் பிரச்சினை என்றேன். "இங்க சிங்க்ல இருக்கற பாத்திரத்தை யாரு பார்க்கறது?" என்றாள். அன்றைக்கு அத்தனையையும் நான்தான் தேய்த்தேன்.

கம்பெனியில் திங்கட்கிழமைதோறும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு எடுப்பேன். மிஷினில் தப்பு நடந்தால் ஓட்டினவரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டுப் போகக்கூடாது என்பது அந்த வகுப்பின் சாரம். பல வருஷமாக, எழுத்து மாறாமல், சொல்லிக்கொண்டு வந்த பாடம். "நாம என்ன சொன்னோம்ங்கறது பெரிசில்லை. அவங்களுக்கு என்ன போய்ச் சேர்ந்துச்சுங்கறதுதான்..." என்று சொல்லும்போது அந்தத் திங்கட்கிழமை வாக்கியத்தை முடிக்காமல் இருமினேன். தண்ணீர் குடித்தேன். முன்வரிசையிலிருந்து ஒருவர், "சார், உடம்பு சரியில்லையா?" என்றார். தூசு என்று சொல்லிச் சமாளித்து வகுப்பை முடித்தேன். திருந்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அன்று சாயங்காலமே, பாடம் கம்பெனிக்குத்தான் பொருந்தும், விளையாட்டு வேறு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு தூங்கினேன்.

என் பகடைப் பை முசே வீட்டிலேயே இருந்தது. அதை வாங்கப் போனபோது அவர் வகுப்பில் இருந்தார். மதாம்தான் பையை எடுத்து வந்தார்.

"தம்பி, அவரு ரெண்டு நாளு சரியாவே பேசல. நான் சூப்புல உப்பு போடாததுக்குன்னு நினைச்சேன். அப்பறம்தான் தெரிஞ்சது, அந்தக் குதிரைக்காரன் செத்ததுக்குன்னு."

சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

"காலையில ஷேவ் பண்றப்போ கண்ணாடி முன்னாடி அவன் மாதிரி பேசிப் பார்ப்பாரு, தெரியுமா? ஞாயித்துக்கிழமைக்குத் தயார் பண்றது. முழங்காலு வலிக்குதுன்னு நொண்டிக்கூட நடப்பாரு. இப்ப பேசாம ஷேவ் பண்ணிட்டு வந்துடறாரு."

ஒரு மனிதர் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துவிட்டு என் ஆட்டத்துக்கு வந்திருக்கிறார். நான் இலக்கணத்தோடு வந்திருக்கிறேன். பையை வாங்கிக்கொண்டு தெருமுனை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

நர்ஸ்தான் வழி கண்டுபிடித்தாள். அடுத்த ஞாயிறு அவள் கதை நடத்துவதாகவும், நான் ஆட்டக்காரனாக உட்கார வேண்டும் என்றும் குழுவில் போட்டாள். முசேயும் சரி என்றார். எனக்கு ஒரே உற்சாகம். இத்தனை காலம் நடத்தியவன், எப்படி ஆட வேண்டும் என்று காட்டிவிடலாம் என்று போனேன்.

அவள் கதை கடலில் நடந்தது. என் பாத்திரம் கப்பல் தலைவன். பிறந்ததிலிருந்தே கடலில் கிடப்பவன். கடைக்காரன் சமையல்காரன். முசே கப்பலில் ஒளிந்து ஏறிய ஒரு வியாபாரி. சரக்கறையில் மூடிய பீப்பாய்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் என்ன என்று யாருக்கும் தெரியாது. இதை அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வானம் கறுக்குது. வாடை ஏறுது" என்றாள்.

நான் அவசரமாகக் கையைத் தூக்கினேன். "எனக்கு அப்பவே தெரியும். பீப்பாயில பொணம் இருக்கு. மூக்கைப் பொத்திக்கினு சரக்கறைக்குள்ள இறங்கறேன். எல்லாப் பீப்பாயையும் தொறந்து பார்க்கறேன்."

மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். நர்ஸ் பகடையைத் தொடவில்லை.

"ஒரு நிமிஷம்ணா. நீங்க எந்த வாடையைத் தேடறீங்க?"

"நாத்தம்தானே?"

"ஐயோ, காத்துணா. வடக்கால இருந்து வர்ற காத்து. எங்க வீட்டுல வாடைன்னாலே அதான், அந்தப் பழக்கத்துல சொல்லிட்டேன். புயல் வருது. நீங்க பாயை இறக்காம கீழ போனீங்கன்னா கப்பல் கவுந்துடும்."

கடைக்காரன் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினான். முசே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோளும் குலுங்கியது. எனக்கு முகம் வியர்த்துவிட்டது. ஒரு கணம், கொள்கைக்காக சரக்கறைக்கே போகலாமா என்றுகூட நினைத்தேன். கேட்காமல் ஓடினால் ஆட்டக்காரனின் தப்பு என்று சொன்னவன் நான்தானே.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று முனகினேன்.

"உங்களுக்குத் தெரியாது. ஆனா பொறந்ததுல இருந்து கடல்ல கிடக்கற தலைவனுக்குத் தெரியும் இல்ல? காத்து முகத்துல அடிக்குது, அவனுக்குப் புரியாதா? நீங்க தப்பு பண்ணலாம்ணா, அவன் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். இப்ப சொல்லுங்க, என்ன செய்யறீங்க?"

"பாயை இறக்கறேன்."

"பாய் தானா இறங்குதா, நீங்க இறக்கறீங்களாணா?" என்றான் கடைக்காரன்.

அன்று எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மதாம். அவருக்கு இலக்கணம் வரைக்கும் நினைவிருந்தது.

நர்ஸ் சொன்னது என்னை விடவில்லை. எத்தனையோ போர் பார்த்த குதிரைவீரன், பாலம் நடுவில் தொய்ந்திருப்பதைக் கரையிலிருந்தே பார்த்திருப்பான். முசே பார்க்கவில்லை என்றால், காட்ட வேண்டியவன் நான். அவருக்கு வேறு கண் கிடையாது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நர்ஸ் நடத்திய கதை அடுத்தடுத்த வாரங்களில் சப்பென்று ஆகிவிட்டது. யாருக்கும் எதுவும் ஆகிவிடக்கூடாது என்று அவள் ஒவ்வொரு முறையும் எச்சரித்தாள். கடைக்காரன் வேண்டுமென்றே சுறாவுக்குக் கையை நீட்டினான், "நிஜமாவா? நல்லா யோசிச்சியா?" என்று கேட்டுக் கேட்டு அவன் கையைக் காப்பாற்றிவிட்டாள். "ஆஸ்பத்திரியிலதான் காப்பாத்தணும், இங்கயுமா?" என்று அவன் சலித்துக்கொண்டான். முசே கொட்டாவி விட்டார். அவளே ஒருநாள், "ணா, நீங்களே நடத்துங்க, எனக்கு வாரம் முழுக்க இதே வேலை" என்று பகடையை என் முன்னால் தள்ளிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு நான் தயாராகப் போனேன். "முசே, அன்னைக்கு நான் சரியா சொல்லல. சொல்லலன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தேன். குதிரைவீரன் சாகல. அகழியில விழுந்தான், மீனவங்க வலை போட்டுத் தூக்கிட்டாங்க" என்றேன். பெருந்தன்மையான ஏற்பாடு என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

முசே தலையாட்டினார், இல்லை என்பதற்கு. "முதலை இருக்கற அகழியில மீனவன் எங்கிருந்து வந்தான்? செத்தது செத்ததுதான் தம்பி. அதுல எனக்கு வருத்தமில்ல. கிழவன், ஒருநாள் சாகத்தான் போறான். ஆனா முட்டாளா செத்துட்டானே. அதான்."



"போன்" என்றார். "திரும்ப சொல்லு. பாலத்தைச் சரியா சொல்லு. அவன் என்ன செய்யறான்னு நான் சொல்றேன்."

சொன்னேன். பலகை உளுத்திருப்பதை, நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடுகிற மாதிரி கிடப்பதை, ஒரு பக்கம் கைப்பிடிக் கயிறு அறுந்து தொங்குவதை, கீழே முதலைகளை, சுற்றுவழியை, அந்த வழியில் போனால் பொழுது சாய்ந்துவிடும் என்பதை, அதற்குள் எதிர்க்கரையில் படை கிளம்பிவிடும் என்பதை. எதையும் மறைக்கவில்லை. மதாம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

முசே எழுந்தார். கண்ணாடி முன்னால் பேசுகிற குரல் இதுதான் போலிருக்கிறது, கொஞ்சம் கரகரத்தது. "பாலம் தாங்காதுன்னு எனக்குத் தெரியும். குதிரைக்கும் தெரியும், அது காதைப் பின்னால மடக்கிக்கிச்சு. சுத்திப் போனா நான் பொழைப்பேன், சண்டை வந்துடும். தோல்பையைக் கழட்டிக் கையில வெச்சுக்கறேன். பாலம் உடையற வரைக்கும் ஓட்டறேன். உடைஞ்ச உடனே பையை அந்தக் கரைக்கு வீசறேன்."

"நிச்சயமாவா, முசே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்தக் கேள்வியையும் கேட்டிருக்க வேண்டாம் என்று புரிந்தது.

பாலத்துக்கு அவர் உருட்டிய பகடை அன்று விழுந்ததைவிட ஒன்றுதான் கூட. பலகை முறிந்தது. பையை வீச இன்னொரு முறை உருட்டினார். பகடை கேக் தட்டில் மோதி நின்றது; பதினெட்டு. நர்ஸ் மேசையைத் தட்டினாள். பை கோட்டை வாசலில் போய் விழுந்ததைச் சொன்னேன். காவல்காரன் அதை எடுத்துப் பிரித்ததைச் சொன்னேன். படை கிளம்பவில்லை. முதலையைப் பற்றி ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டேன். எவ்வளவோ நல்ல உவமைகள் வாய்வரை வந்தன, விழுங்கிவிட்டேன்.

முசே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வுவாலா" என்றார், முடிந்தது என்கிற மாதிரி. பிறகு கேக்கை வெட்டினார்.

"குதிரை?" என்றார் மதாம்.

குதிரையை நாங்கள் எல்லோருமே மறந்திருந்தோம். பகடை என் கையில் இருந்தது, அதை உருட்டவில்லை. "நீந்திக் கரையேறிடுச்சு, மதாம்" என்றேன். விதிப்படி அது தப்பு. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அதற்கப்புறம் எனக்கு வேறொரு வியாதி பிடித்துக்கொண்டது. இப்போது எதையும் சுருக்கமாகச் சொல்ல என்னால் முடிவதில்லை. போன வாரம் ஒரு சத்திரத்தின் கதவை விவரித்தேன்: மரம், கீல், தாழ்ப்பாள், எந்தப் பக்கம் திறக்கும், பூட்டியிருக்கிறதா, பூட்டு உள்ளேயா வெளியேயா, தள்ளினால் என்ன ஆகும், தள்ளாவிட்டால் என்ன ஆகும். கடைக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "ணா, நாங்க சாப்பிடத்தான் வந்திருக்கோம். கதவை விட்டுட்டு இட்லி இருக்கா இல்லியான்னு சொல்லுங்க" என்றான். முசேயின் புதுப் பாத்திரம் ஒரு புரோட்டா மாஸ்டர். அவர் அதற்குள் சுவர் ஏறிக் குதித்துச் சமையல்கட்டுக்குள் போய்விட்டிருந்தார்.